வாங்கும் முன்: ஏர்பிரஷ் ஆசையா... முதல்ல கம்ப்ரஸரைப் பாருங்க!

பிளாஸ்டிக் கிட்டை வாங்கி, ஒவ்வொரு பாகமாக வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பசை போட்டு ஒட்டியாகிவிட்டது. மேஜை மீது உள்ளங்கை அளவில் ஒரு மிக்-21 நிற்கிறது. 1963-ல் இந்திய விமானப்படையில் சேர்ந்து, 2025 செப்டம்பரில் விடைபெற்ற அதே விமானம்தான். அடுத்து பெயின்ட். தூரிகையால் அடித்தால் இறக்கையில் கோடு கோடாகத் தடம் தெரிகிறது. ஸ்ப்ரே கேனில் அடித்தால் பெயின்ட் தடித்துப்போய், நூல் மாதிரி ஓடும் பேனல் கோடுகள் மூடிக்கொள்கின்றன. 'ஒரு ஏர்பிரஷ் இருந்தா நல்லா இருக்குமே' என்று மனம் அலைபாய ஆரம்பிப்பது இங்கேதான்.

போனை எடுத்துத் தேடினால் தலை சுற்றும். ஆயிரத்துச் சொச்சத்துக்கும் ஏர்பிரஷ் இருக்கிறது. அதைப்போல பல மடங்கு விலையிலும் இருக்கிறது. 'இது போதுமா, அதுதான் வேணுமா' என்று குழம்பி, கடைசியில் பணத்தை எல்லாம் பளபளவென்று இருக்கும் ஏர்பிரஷில் போட்டுவிட்டு, கம்ப்ரஸருக்குக் கிடைத்ததை வாங்குபவர்கள் நிறைய பேர். இந்த வாரம் நாம் சொல்லப்போவது அதற்கு நேர் எதிரான வரிசை. முதலில் மாஸ்க்குக்கு ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தில் பெரும்பங்கு கம்ப்ரஸருக்கு. கடைசியாக மிஞ்சுவதில் ஒரு சாதாரண ஏர்பிரஷ். ஏன் இந்த வரிசை? பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்குத் தேவைதானா?

வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ கிட் மட்டும் செய்பவர் என்றால், நல்ல தூரிகையும் ஒரு ஸ்ப்ரே கேன் பிரைமரும் போதும். கையகல போர்வீரன் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுபவர்களுக்கும் தூரிகைதான் முக்கிய ஆயுதம். பாகங்கள் நிறத்தோடே வரும் குண்டம் ரோபோ கிட்டுகளைப் பெயின்ட் அடிக்காமலேயே நிறுத்தி அழகு பார்க்கலாம்.

விமானம், கார், டாங்கி என்று பெரிய சமமான பரப்பு உள்ள மாடல்களை அடிக்கடி செய்கிறீர்களா? ஒரு நிறம் இன்னொரு நிறத்தில் மெல்லக் கரையும் காமஃப்ளாஜ் வேண்டுமா? அப்படியானால் ஏர்பிரஷ் நியாயமான செலவு. இல்லையென்றால் இந்தப் பணத்தில் நாலைந்து நல்ல கிட் வாங்கிவிடலாம்.

பொம்மைக்கு உயிர் கொடுப்பது காற்று

ஏர்பிரஷ் என்பது பேனா அளவில் இருக்கும் குழாய். உள்ளே ஒரு நீளமான ஊசி. அதன் நுனி, நாசில் என்ற குட்டித் துளைக்குள் உட்கார்ந்திருக்கும். ஊசியைப் பின்னால் இழுத்தால் துளை திறந்து பெயின்ட் வரும். பக்கத்தில் வேகமாக ஓடும் காற்று அந்தப் பெயின்ட்டை இழுத்து, பொடிப்பொடித் துளிகளாக உடைத்து முன்னே தள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

துளி எவ்வளவு பொடியாக, எவ்வளவு சீராக வருகிறது என்பதைத் தீர்மானிப்பது காற்று. காற்று விட்டு விட்டு வந்தால் பெயின்ட்டும் விட்டு விட்டு வரும். காற்றோடு தண்ணீர்த் துளி வந்தால் மாடல் மேல் 'பொட்'டென்று ஒரு கறை விழும். ஏர்பிரஷ் என்ன விலையாக இருந்தாலும் இந்த இரண்டையும் அதனால் தடுக்க முடியாது. அதனால்தான் கம்ப்ரஸருக்கு முதல் மரியாதை.

மாடல் பெயின்டிங்குக்குப் பெரிய அழுத்தம் தேவையே இல்லை. வழக்கமான வேலைக்கு 15 முதல் 25 பி.எஸ்.ஐ. போதும். காருக்கு டயரில் காற்று அடிக்கிறோமே, அதைவிடக் குறைவு. அழுத்தத்தின் அளவைவிட, அது ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம்.

கம்ப்ரஸரில் பார்க்க வேண்டியவை

டேங்க் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சின்ன கம்ப்ரஸர்களுக்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வந்து காற்றைத் தள்ளுகிறது. டேங்க் இல்லாவிட்டால் அந்தத் துடிப்பு அப்படியே உங்கள் கை வரைக்கும் வரும். டேங்க் இருந்தால் காற்று அங்கே சேர்ந்து, சீராக வெளியே வரும். இன்னொரு லாபம், டேங்க் நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றுவிடும். காற்று குறைந்ததும் திரும்ப ஓடும். நடுவில் மோட்டாருக்கு ஓய்வு. டேங்க் இல்லாததில் பல மாடல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில், ஃபேன் இல்லாத அறையில் மோட்டார் தொடர்ந்து ஓடினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். சூடேறி நின்றுவிடும்.

பட்ஜெட் பிரியர்கள் உலகம் முழுக்க வாங்குவது ஏ.எஸ்.186 என்ற வகை. ஒரே கம்பெனியின் பொருள் இல்லை இது. ஒரே வடிவமைப்பைப் பல பெயர்களில் விற்கிறார்கள். 3 லிட்டர் டேங்க், எண்ணெய் தேவைப்படாத ஒரு பிஸ்டன், நிமிடத்துக்கு 20 லிட்டரைத் தாண்டும் காற்று, 3 பாரில் ஆன், 4 பாரில் ஆஃப். 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. ஆக, நமக்குத் தேவையானதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இதில் கையிருப்பு இருக்கும். பெட்டியில் எந்தப் பெயர் போட்டிருந்தாலும் இந்த எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து ரெகுலேட்டர். டேங்கில் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து, நமக்கு வேண்டிய அளவில் அனுப்பும் திருகு அது. கூடவே மீட்டர் இருக்க வேண்டும். அழுத்தத்தை வைக்கும்போது ஏர்பிரஷின் டிரிகரை அழுத்திப் பிடித்துக்கொண்டே வையுங்கள். காற்று ஓடும்போது மீட்டர் கொஞ்சம் இறங்கும். அந்த எண்தான் உண்மையான எண்.

மறக்கக் கூடாத இன்னொன்று வோல்ட்டேஜ். வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஆர்டர் போடுகிறீர்கள் என்றால், அது 220-240 வோல்ட்டுக்கானதா என்று பார்த்துவிடுங்கள். 110 வோல்ட் கம்ப்ரஸரை நம் பிளக்கில் செருகினால் அன்றே கதை முடிந்தது.

நம்ம ஊர் ஈரத்துக்கு ஒரு காவல்

வெளிநாட்டு வீடியோக்களில் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நமக்கு இது தலையாய விஷயம். காற்றை அமுக்கும்போது அது சூடாகும். டேங்கிலும் குழாயிலும் போகப்போக ஆறும். ஆறும்போது, காற்றில் கலந்திருந்த ஈரம் தண்ணீராக மாறும். ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே கதைதான். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களிலும், ஐப்பசி மழை நேரத்தில் எல்லா ஊர்களிலும் இந்தத் தண்ணீர் அதிகமாகவே சேரும்.

இதைப் பிடிக்க மாய்ஸ்ச்சர் ட்ராப் என்ற சின்னக் கிண்ணம் ரெகுலேட்டரோடு சேர்ந்தே வரும். இது இல்லாத கம்ப்ரஸரை நம் ஊரில் வாங்காதீர்கள். ஏர்பிரஷுக்குக் கீழேயே மாட்டும் குட்டி ட்ராப்பும் தனியாகக் கிடைக்கிறது. மழைக்காலத்தில் அது நல்ல துணை. ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் டேங்குக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து, காற்றையும் தண்ணீரையும் வெளியேற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் டேங்க் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

'வீட்ல இருக்கிற பம்பு போதாதா?'

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

*டயருக்குக் காற்றடிக்கும் குட்டி பம்பு:* கொஞ்ச நேரம் ஓடி நிற்கத்தான் இதைச் செய்கிறார்கள். துடிப்பு அதிகம், சீக்கிரம் சூடாகும். ஏர்பிரஷுக்கு ஒத்துவராது.

*நெபுலைசர்:* அழுத்தம் குறைவு. அதைவிட முக்கியம், அது வீட்டில் மூச்சுத்திணறல் இருப்பவருக்கான மருத்துவக் கருவி. பெயின்ட் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

*காற்று அடைத்த கேன்:* அடிக்க அடிக்கக் கேன் ஜில்லென்று ஆகி, அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். நாலைந்து கேன் வாங்கும் பணத்தைக் கம்ப்ரஸர் உண்டியலில் போடலாம்.

*பட்டறை கம்ப்ரஸர்:* ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 24, 25 லிட்டர் டேங்க் வகை. காற்று தாராளம். ரெகுலேட்டரும் ட்ராப்பும் மாட்டினால் ஜோராக வேலை செய்யும். சத்தம்தான் பிரச்னை. தனி வீடு, மொட்டை மாடி ஷெட் இருப்பவர்களுக்கு ஓகே. அப்பார்ட்மென்ட் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

*பழைய பொருட்களில் வீட்டிலேயே செய்த டேங்க்:* வேண்டவே வேண்டாம். அழுத்தம் தாங்குமா என்று சோதிக்காத எந்த டப்பாவிலும் காற்றை அடைப்பது ஆபத்து.

*பேட்டரியில் ஓடும் கார்ட்லெஸ் ஏர்பிரஷ்:* விளம்பரங்களில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். குழாய் இல்லை, இடம் அடைக்காது, விலையும் குறைவு. சின்னச் சின்ன வேலைக்குச் சரி. ஆனால், பல மாடல்களில் அழுத்தத்தை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. டேங்கும் கிடையாது. பேட்டரி வீங்கிவிட்டால் மாற்று கிடைப்பதும் சந்தேகம். ஹாஸ்டல் அறையில் இருப்பவருக்கு இதுதான் வழி என்றால் வாங்கலாம். வீட்டில் ஒரு மூலை கிடைக்குமென்றால் டேங்க் வகைதான் நீடித்த முதலீடு.

ஏர்பிரஷ்: மூன்று சொற்கள் போதும்

டபுள் ஆக்‌ஷன், கிராவிட்டி ஃபீட், 0.3. கடையில் இந்த மூன்றையும் கேளுங்கள்.

டபுள் ஆக்‌ஷன் என்றால் டிரிகரைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். இரண்டும் உங்கள் விரலின் கட்டுப்பாட்டில். சிங்கிள் ஆக்‌ஷன் பழக எளிது, ஆனால் மெல்லிய கோட்டையும் பரந்த பூச்சையும் ஒரே வீச்சில் மாற்றி மாற்றி அடிக்க முடியாது.

கிராவிட்டி ஃபீட் என்றால் பெயின்ட் கிண்ணம் மேலே இருக்கும். பெயின்ட் தானாகக் கீழே இறங்குவதால் குறைந்த அழுத்தமே போதும், பெயின்ட்டும் குறைவாகவே செலவாகும்.

0.3 என்பது நாசிலின் அளவு, மில்லிமீட்டரில். 0.2 நுணுக்கமான வேலைக்கு; ஆனால் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். 0.5 பிரைமருக்கும் பெரிய பரப்புக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு நடுவில் இருக்கும் 0.3 எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஜப்பானின் இவாட்டா, ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக், அமெரிக்காவின் பேட்ஜர் எல்லாம் பல வருஷம் உழைக்கும் பெயர்கள். ஆனால், இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும் பெயர் தெரியாத ஏர்பிரஷும் சீரான காற்று கிடைத்தால் நல்ல பூச்சுத் தரும். வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இதுக்கு ஊசி, நாசில், சீல் தனியா கிடைக்குமா?' ஊசி நுனி வளைவதும் நாசில் விரிசல் விடுவதும் சகஜம். ஸ்பேர் கிடைக்கவில்லை என்றால் முழு ஏர்பிரஷும் குப்பைக்குத்தான். லேக்கர் பெயின்ட் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், உள்ளே இருக்கும் சீல் டெஃப்ளானா என்றும் கேளுங்கள். சாதாரண ரப்பர், தின்னரில் ஊறி உப்பிவிடும்.

குழாயின் திருகு அளவையும் பாருங்கள். பெரும்பாலானவை 1/8 அங்குல அளவு. பேட்ஜர், பாஷே போன்ற அமெரிக்க ஏர்பிரஷ்களுக்கு அளவு வேறு, சின்ன அடாப்டர் வாங்க வேண்டியிருக்கும்.

பட்ஜெட்டை எப்படிப் பிரிப்பது?

என் தம்பி கல்லூரி இரண்டாம் ஆண்டு. டியூஷன் எடுத்துச் சேர்த்த பதினைந்தாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு போன மாதம் இந்தக் கணக்கைப் போட்டோம். அம்மா கேட்டது இரண்டே கேள்வி. 'ராத்திரி பத்து மணிக்கு இது சத்தம் போடுமா?', 'பாட்டிக்கு வீசிங் இருக்கே, இந்த நெடி ஒத்துக்குமா?' எந்தக் கடைக்காரரும் சொல்லித்தராத இரண்டு கேள்விகள். ஒன்று கம்ப்ரஸரைத் தேர்ந்தெடுக்க வைத்தது. இன்னொன்று பெயின்ட்டைத் தேர்ந்தெடுக்க வைத்தது.

டேங்க் உள்ள சின்ன கம்ப்ரஸர்கள் இப்போது பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே இருக்கின்றன. கடைக்குக் கடை, சீசனுக்கு சீசன் மாறும். அதற்கு மேல் சுமார் இரண்டாயிரத்துக்கு ஏர்பிரஷ். மிச்சம் மூவாயிரத்தில் மாஸ்க், கிளீனிங் பிரஷ், தின்னர், நாலு பாட்டில் பெயின்ட். அவ்வளவு பணம் இல்லை என்றால், அவசரப்பட்டு டேங்க் இல்லாததை வாங்க வேண்டாம். இரண்டு, மூன்று நண்பர்கள் சேர்ந்து கம்ப்ரஸரைப் பொதுவாக வாங்கி, ஏர்பிரஷை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு நல்ல ஏர்பிரஷுக்கு மாறும்போதும் இதே கம்ப்ரஸர் கூடவே வரும். ஏர்பிரஷ் மாறும், கம்ப்ரஸர் தங்கும்.

மூச்சு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஏர்பிரஷ் பெயின்ட்டைப் புகை மாதிரி ஆக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளிகள் நேரே நுரையீரலுக்குப் போகக்கூடியவை. 'வாட்டர் பேஸ்டு அக்ரிலிக்தானே, ஒண்ணும் ஆகாது' என்று நினைக்காதீர்கள். நெடி இல்லை என்பதால் துளி இல்லை என்று ஆகாது. நீர்க்கலவை அக்ரிலிக்குக்குக் குறைந்தபட்சம் என்-95 மாஸ்க். லேக்கர், எனாமல், தின்னர் என்றால் அதுவும் போதாது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டிய அரை முக ரெஸ்பிரேட்டர் தேவை. துணி மாஸ்க் இரண்டுக்குமே உதவாது.

ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். காற்று அறையிலிருந்து வெளியே போகும்படி ஓர் எக்ஸாஸ்ட் இருந்தால் நல்லது. எதிரே டேபிள் ஃபேன் வைத்தால் துளி வீடு முழுக்கப் பரவும். தின்னர் எளிதில் தீப்பிடிக்கும். ஆகவே பூஜை விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி, கேஸ் அடுப்பு எதுவும் அந்த அறையில் கூடாது. கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் நீர்க்கலவை அக்ரிலிக்கோடு நின்றுவிடுவதே நல்லது. எங்கள் வீட்டில் அப்படித்தான் முடிவாயிற்று.

வந்தாச்சு... முதல் வாரம் என்ன செய்வது?

நேராக மாடல் மேல் அடிக்காதீர்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு இங்க் கலந்து, பழைய நியூஸ் பேப்பரில் புள்ளி, கோடு, வட்டம் போட்டுப் பழகுங்கள். பிறகு ஐஸ்க்ரீம் பிளாஸ்டிக் ஸ்பூனில் பெயின்ட்.

பெயின்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும். கிண்ணத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டால், பால் மாதிரி மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும். தயிர் பதத்தில் இருந்தால் அடைக்கும், தண்ணீர் பதத்தில் இருந்தால் ஒழுகும். ஸ்பெயினின் வயேஹோ கம்பெனியின் மாடல் ஏர் மாதிரி, ஏர்பிரஷுக்கென்றே நீர்க்கத் தயாரித்த பெயின்ட்டும் கிடைக்கிறது. டாமியா அக்ரிலிக்கை அதற்கான எக்ஸ்-20ஏ தின்னரில் கலக்க வேண்டும். ஒரு கம்பெனி பெயின்ட்டில் இன்னொரு கம்பெனி தின்னரை ஊற்றிப் பரிசோதனை செய்தால், சில நேரம் கூழாகத் திரிந்துவிடும்.

அடிக்கும்போது முதலில் காற்று, பிறகு பெயின்ட். நிறுத்தும்போது முதலில் பெயின்ட், பிறகு காற்று. கையை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே, ஒரே தடவையில் மூடப் பார்க்காமல், மெல்லிய பூச்சாக மூன்று, நான்கு முறை. வேலை முடிந்த உடனே கிளீனிங். கிண்ணத்தில் கிளீனர் ஊற்றி அடித்து, ஊசியை மெல்ல உருவித் துடைத்து வையுங்கள். 'காபி குடிச்சுட்டு வந்து கழுவிக்கலாம்' என்று போனால், அக்ரிலிக் அதற்குள் காய்ந்து உட்கார்ந்திருக்கும்.

வீட்டில் மற்றவர்களுக்கும் உதவுமா?

உதவும். நவராத்திரிக்கு முன்னால் கொலுப் படியில் ஏற வேண்டிய, சாயம் போன பழைய பொம்மைகளுக்கு இதே ஏர்பிரஷில் புது நிறம் கொடுக்கலாம். அக்கா கேக் டெகரேஷன் செய்கிறார் என்றால் கம்ப்ரஸரை அவரும் பயன்படுத்தலாம். ஆனால், கேக்குக்குத் தனி ஏர்பிரஷ் கட்டாயம். பெயின்ட் ஓடிய ஏர்பிரஷை எவ்வளவு கழுவினாலும் உணவுப் பொருள் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

பார்சல் பிரித்ததும் செய்ய வேண்டியது

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். அன்றைக்கே கம்ப்ரஸரை ஓடவிட்டு, டேங்க் நிரம்பி மோட்டார் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு டிரிகரைத் தொடாமல் அரை மணி நேரம் விட்டுவையுங்கள். மீட்டர் கடகடவென்று இறங்கினாலோ, மோட்டார் அடிக்கடி தானாக ஓடினாலோ எங்கேயோ காற்று கசிகிறது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். திருகில் டெஃப்ளான் டேப் சுற்றி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். டேங்கிலேயே கசிவு என்றால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் இந்த அரை மணி நேரச் சோதனையை முடித்துவிட்டு, மிக்-21-ஐ அப்புறம் கையில் எடுங்கள்.